இராசமலர் கன்னை பிரித்த கதை

இராசமலர் ஆக்லாந்துக்கு வந்த முதல் ஆறு மாதமும் அவர் சட்டையில் ‘ரோஸி’ என்று எழுதியிருந்தது. மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு முதியோர் இல்லம். படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிற வேலை. முழுப்பெயர் நீளம், யாருக்கும் வாயில் வராது என்று மேற்பார்வையாளர் தானாகவே ஒரு பெயர்ப்பட்டை செய்து கொடுத்திருந்தார். வேலை நிரந்தரமான அன்று இராசமலர் அதைக் கழற்றி அவர் மேசையில் வைத்தார். “ரோஸி வேலையை விட்டுவிட்டாள். நாளைக்கு இராசமலர் வருவாள்” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். புதுப்பட்டையில் எழுத்துகள் விளிம்புவரை நெருக்கிக்கொண்டு நின்றன. கிழவர்கள் இரண்டு கிழமையில் பழகிவிட்டார்கள். மேற்பார்வையாளருக்குத்தான் அது வரவேயில்லை.

கணவர் குணரத்தினம் ஒரு வரைபட அலுவலகத்தில் வேலை பார்த்தார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். கிடைத்த இடத்தில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. “உமக்கேன் உந்த வேலை?” என்ற கேள்வி அந்த வீட்டில் அடிக்கடி கேட்கும். பெரும்பாலும் அந்த வேலையை இராசமலர் செய்து முடித்த பிறகுதான் கேட்கும்.

மகள் உஷாவுக்கு அப்போது பத்து வயது. பள்ளித் தோழிகளைப் பார்த்து சொஃப்ட்போல் ஆடப் போனாள். இராசமலரும் கூடவே போனார். மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்த அவருடைய ஆங்கிலம் போதாது; சும்மா நிற்கவும் தெரியாது. ஸ்கோர் புத்தகத்தை யாரும் விரும்பி வாங்குவதில்லை என்று கண்டுகொண்டு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒரு மாதத்தில் நடுவரே சந்தேகம் வந்தால் அவர் பக்கம் திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

ஆட்டம் சிக்கலானதல்ல. பிச்சர் கையைக் கீழாகச் சுழற்றிப் பந்தை எறிவாள். அது நிலத்தில் குத்தாமல் நேரே வரும். அடித்தவள் நான்கு மூலையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். ஏழு சுற்று. பத்து ரன்னுக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டால் நடுவர் இரக்கப்பட்டு ஆட்டத்தை நிறுத்திவிடுவார்.

அந்தக் கிளப்பில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நான்கு அணிகள் இருந்தன: நீலம், சிவப்பு, பச்சை, மஞ்சள். சனிக்கிழமை காலையில் தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்வார்கள். உஷா மஞ்சள். மஞ்சளின் ஆட்டங்கள் எல்லாம் நடுவரின் இரக்கத்தில்தான் முடிந்தன. நீலத்தோடு இருபத்துமூன்றுக்குப் பூச்சியம். மூன்றாம் சுற்றிலேயே பிள்ளைகள் கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் இராசமலருக்குப் பிடிக்கவில்லை. தோற்றுப் பழகியவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

மஞ்சளின் கோச் ரோஸ்மேரி. மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த தமிழர், பள்ளிக்கூட நாளில் மாநில அணிக்கு சொஃப்ட்போல் ஆடியவர். இங்கே பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தார். ஆட்டம் தெரிந்த ஒரே கோச் அவர்தான். அணி இல்லாததுதான் குறை.

“எல்லாம் அந்த நீல டீம் கோச் பாரி செய்யற வேலை அக்கா,” என்றார் ஒரு நாள். “ரூல் என்னா? கோச்சோட பிள்ளை கோச் டீம்ல இருக்கலாம். சரி. உதவிக் கோச்சோட பிள்ளையும் இருக்கலாம். அவன் எத்தன பேர உதவிக் கோச்சுன்னு வெச்சிருக்கான் பாருங்க!”

இராசமலர் பார்த்தார். நீலத்தின் ஓரத்தில் நீலத் தொப்பி போட்ட ஐந்து அப்பாக்கள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலுக்குப் பொறுப்பு. ஒருவர் மட்டைகளுக்கு. ஐந்தாமவருக்கு என்ன பொறுப்பென்று யாருக்கும் தெரியாது. அவருடைய மகள் டெபிதான் கிளப்பிலேயே பெரிய அடிகாரி. மீதிப் பிள்ளைகளை நான்கு கோச்சும் மாறி மாறித் தெரிவு செய்வார்கள். பிந்திப் பதிந்தவர்கள், பெற்றோர் ஷிப்ட் வேலைக்குப் போவதால் பயிற்சிக்கு ஒழுங்காக வராதவர்கள், எல்லாரும் கடைசியில் மஞ்சளுக்கு வருவார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது குணரத்தினம் தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். “பேர் பாரி. முல்லைக்குத் தேர் குடுக்க வேண்டாம், மஞ்சளுக்கு ஒரு பிள்ளையைக் குடுத்தால் என்ன?”

“அவர் குடுக்கத் தேவையில்லை. குடுக்கிறதும் வாங்கிறதும் என்ன கதை? பிரிக்கிறதைச் சரியாப் பிரிச்சால் போதும்.”

“உமக்கேன் உந்த வேலை?”

இந்த முறை கேள்வி கொஞ்சம் முந்தி வந்துவிட்டது.

எண்பத்தேழு ஒக்டோபரில் புதிய பருவத்துக்குப் பதிவு நடந்தது. மஞ்சளுக்கு ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். ஒன்பது பேர் இல்லாவிட்டால் அணி களமிறங்க முடியாது. கிளப்பிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் மஞ்சளைக் கலைப்பது பற்றி முடிவெடுக்கப்படும், பிள்ளைகள் மற்ற அணிகளில் இடம் வரும்வரை காத்திருக்கலாம்.

“மொத்தம் எத்தனை பிள்ளையள் பதிஞ்சிருக்கு?” என்று கேட்டார் இராசமலர்.

“நாப்பது,” என்றார் ரோஸ்மேரி.

“அப்ப நாலு டீமுக்கும் பத்துப் பத்து. ஆள் இல்லையெண்டு ஆர் சொன்னது? ரோஸ்மேரி, கன்னை பிரிப்பம்.”

“கண்ணைப் பிரிக்கிறதா? யாரு கண்ணை?”

“கண் இல்லையப்பா, கன்னை. விளையாட்டில ரெண்டு பக்கம் பிரிக்கிறது. சமனான ரெண்டு பேர் தோளில கைபோட்டுக்கொண்டு தூரப் போய் ஆளுக்கொரு ரகசியப் பேர் வைச்சுக்கொண்டு வருவினம். பிறகு ரெண்டு பக்கத் தலைவரிட்டையும் வந்து, புலி வேணுமோ சிங்கம் வேணுமோ எண்டு கேப்பினம். புலி எண்டு சொன்னால் புலி உன்ர பக்கம். ஆர் புலி எண்டு சொல்லுறவனுக்குத் தெரியாது.”

ரோஸ்மேரி யோசித்தார். “இங்க நாலு டீம் இருக்கேக்கா.”

“நாலு நாலாப் போகட்டும். எந்த நாலு பேர் சமன் எண்டு கோச்மாரே எழுதட்டும். கள்ளம் செய்து ஒரு நோஞ்சானைப் பெரிய ஆக்களோட சேர்த்தால், அவள் தங்களுக்கே வந்து விழலாம். பயத்தில ஒழுங்கா எழுதுவினம்.”

“அக்கா, இது டெக்னிக் லா!”

“டெக்னிக் இல்லை. சின்னப்பிள்ளையள் செய்யிறது.”

வியாழக்கிழமை மாலைப் பயிற்சி முடிந்து கார்கள் நிற்கும் இடத்தில் பாரி இராசமலரை மறித்தார். உயரமான மனிதர்; பேசும்போது முழங்காலைச் சற்று வளைத்துக் குனிவார். உஷா இந்தக் குளிர்காலம் முழுவதும் வீட்டு வேலியில் பந்தெறிந்து கை தேறியிருந்தாள். அவர் அதைப் பார்த்திருக்கிறார். உஷா நல்ல பிச்சர், மஞ்சள் கலைந்தால் வீணாகிவிடுவாள், நீலத்துக்கு வரட்டும், புதுக் கையுறை இருக்கிறது, பயிற்சிக்குத் தானே காரில் ஏற்றி வருவார், அணிகளைப் பிரிக்கிற பேச்சையெல்லாம் விட்டுவிடலாம் என்று பத்து நிமிடம் சொன்னார். இராசமலர் தலையைச் சாய்த்து, யெஸ், யெஸ் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பாரி மிகவும் மகிழ்ந்து கைகுலுக்கினார். ஒருவர் சொல்வதைக் கேட்டதற்கு இவ்வளவு நன்றியா என்று இராசமலருக்கு வியப்பாக இருந்தது.

சனிக்கிழமை கூட்டத்தில்தான் விளங்கியது. தலைவி மொரீன் மஞ்சளின் விடயத்தை எடுத்ததுமே பாரி எழுந்தார். திருமதி இராசா தன்னோடு பேசிவிட்டார், உஷா நீலத்துக்கு வருவதற்கு ஒத்துக்கொண்டார், ஆகவே சிக்கல் தீர்ந்தது என்றார். அறையில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸ்மேரியின் முகம் வெளுத்தது.

“அக்கா? ஒத்துக்கிட்டீங்களா?”

“நானோ? எப்ப?”

“யெஸ் சொன்னீங்களாம்.”

“அவர் கதைச்சார். நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன்.”

ரோஸ்மேரி நெற்றியில் கைவைத்தார். “ஐயோ அக்கா! ஒங்க ஓம் எங்களுக்கே விளங்காது. வெள்ளக்காரனுக்கு எப்படி விளங்கும்? நீங்க நிஜமாவே ஆமான்னு சொல்றப்பவும் ஓம், சும்மா கேக்கறப்பவும் ஓம்!”

பாரி பொறுமையாகப் புன்னகைத்தார். சொன்ன சொல்லை மாற்றுவது அழகல்ல என்றார். அவருக்குப் பின்னால் நீலத் தொப்பிகள் மெல்லத் தலையாட்டின. குணரத்தினம் மனைவியின் சேலைத் தலைப்பை மேசைக்குக் கீழே பிடித்தார். அது அவருடைய கேள்வியின் ஊமை வடிவம்.

இராசமலர் எழுந்து நின்றார். தலைப்பு அவர் கையிலிருந்து நழுவியது.

“பாரி, எங்களிடம் இரண்டு யெஸ் இருக்கிறது,” என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லாக, விரிப்பை மடிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தார். “ஒன்று, நீங்கள் சொல்வது காதில் விழுகிறது என்பது. மற்றது, சம்மதம் என்பது. நான் உங்களுக்குத் தந்தது முதலாவது. அது மரியாதை. நீங்கள் பேசி முடிக்கும்வரை யாரும் உங்களுக்குக் குறுக்கே பேசாமல் இருந்ததில்லையா? நான் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நினைத்தால் அது என் பிழையல்ல. இப்போது நான் சொல்வதற்கு நீங்கள் ஒரு யெஸ் தாருங்கள். முதலாவது போதும்.”

யாரோ பின்வரிசையில் சிரித்தார்கள். பாரி உட்கார்ந்தார்.

இராசமலர் கன்னை பிரிப்பதை விளக்கினார். ஆங்கிலம் தடக்கிய இடங்களில் ரோஸ்மேரி எடுத்துக் கொடுத்தார். கோச்சின் சொந்தப் பிள்ளை கோச்சோடு இருக்கட்டும். ஆனால் அவளுக்குச் சமமான நாலு பேரில் அந்த அணிக்குரிய பங்கு அவளேதான். உதவிக் கோச் என்பவர் உதவலாம், பிள்ளையைப் பிடித்து வைக்க முடியாது. பிறகு சென்ற ஆண்டின் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து மொரீனின் முன்னால் வைத்தார். மஞ்சள் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றுகூட நாலாம் சுற்றைத் தாண்டவில்லை.

“இது விளையாட்டு இல்லை. இது குப்பை கொட்டுகிற இடம்,” என்றார். “இருக்கிற நல்லதையெல்லாம் ஒரு பக்கம் அள்ளிவிட்டு, மிச்சத்தைப் பார்த்து, ஐயோ பாவம், ஆள் இல்லையே என்கிறீர்கள். எனக்கு இரக்கம் வேண்டாம். பத்துப் பிள்ளைகள் வேண்டும்.”

பாரி மறுபடியும் எழுந்தார். இந்தத் தடவை புன்னகை இல்லை. “அப்படியானால் உங்கள் மகளும் அந்த நாலு பேரில் போவாளா? அல்லது அவள் மட்டும் மஞ்சளிலேயே இருப்பாளா?”

ரோஸ்மேரி சட்டென்று இராசமலரின் காதோடு குனிந்தார். “வேணாங்க்கா. எனக்கு இருக்கறதே அவ ஒருத்திதான். ஒங்கள உதவிக் கோச்சுன்னு எழுதிடறேன். இப்பவே.”

“எழுதினா நீரும் ஒரு தொப்பி வாங்கித் தாரும்,” என்றார் இராசமலர். “நீலத்தில.”

பிறகு பாரியைப் பார்த்து, “போவாள்,” என்றார்.

செயற்குழுவின் வாக்கெடுப்பில் மூன்றுக்கு மூன்று. மொரீனின் வாக்கு மிச்சம். கிளப்புக்காகச் சனிக்கிழமைகளில் சொசேஜ் சுட்டு விற்கிறவர் அவர். புத்தகத்தை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார். ஆட்டம் மூன்றாம் சுற்றில் முடிந்தால் சனம் வீட்டுக்குப் போய்விடுகிறது, தன் சொசேஜ்கள் தட்டில் கிடந்து காய்கின்றன என்றார். கையை உயர்த்தினார்.

உஷா அன்று இரவு சாப்பிட வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கத்தினாள். மற்ற அம்மாக்கள் எல்லாம் தங்கள் பிள்ளைகளுக்காகச் சண்டை போடுகிறார்கள். நீங்கள் மட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்காக என்னைக் கொடுத்துவிட்டீர்கள். குணரத்தினம் மனைவியைப் பார்த்தார். ஆனால் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. இராசமலர் கதவருகே போனார்.

“பிள்ளை, நான் உன்னை ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீ பந்தெறி. எங்க நிண்டு எறிஞ்சாலும் அது உன்ர கைதான்.”

கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சம் அணைந்தது.

அடுத்த சனிக்கிழமை மைதானம் நனைந்திருந்தது. கோச்மார் மூன்று மாலை உட்கார்ந்து எழுதிய பட்டியல் இராசமலரின் கையில். நாலு நாலாகப் பிள்ளைகள் உபகரணக் கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய், தோளில் கைபோட்டபடி திரும்பி வந்தார்கள். முதல் நாலு பேர் நாய்களின் பெயரோடு வந்தார்கள். இரண்டாவது நாலு பேர் ஐஸ்கிரீம்கள். அதில்தான் டெபி இருந்தாள். ரோஸ்மேரி “ஹோக்கி போக்கி” என்றார். டெபி முன்னால் வந்து நின்றாள். ஐந்தாவது தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பாரி “ரம் அண்ட் ரெய்சின்” என்று கேட்க நேர்ந்தது. அதுவரை மஞ்சளில் மூலையில் நின்று தும்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெல்லிய பிள்ளை நீலத்துக்குப் போனாள். சென்ற ஆண்டு முழுவதும் அவளை அடிக்க விட்டது குறைவு. ஆனால் ஆட்டமிழக்கச் செய்வது கடினம் என்று ஸ்கோர் புத்தகத்தைப் பார்த்து அவளை டெபிக்குச் சமனாக எழுதியது பாரியின் கைதான்.

பிச்சர்களின் முறை. பாரியின் மகளும் பிச்சர்; அவள் ஏற்கெனவே நீலம் என்பதால் மூன்று பேர்தான் கொட்டகைக்குப் பின்னால் போனார்கள். திரும்பி வந்து கேட்டார்கள்:

“ஃபீஜோவா, ஸ்ட்ராபெரி, டுரியான். எது வேண்டும்?”

முதலில் சொல்வது ரோஸ்மேரியின் முறை. “டுரியான்,” என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“டுரியான் என்றால் என்ன?” என்று கேட்டார் பாரி.

இராசமலர் பட்டியலைத் தாழ்த்தினார். மலேசியாவின் முள்ளுப் பழமான டுரியான் ஆக்லாந்தில் எந்தக் காய்கறிக் கடையிலும் இல்லை. யாழ்ப்பாணத்தவர் வீட்டில் அந்தப் பேச்சே எழுந்ததில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பழம் எந்த ஊர்க்காரரின் வாயிலிருந்து வந்து விழுந்திருக்கும் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. உஷா நிலத்தைப் பார்த்தாள். ரோஸ்மேரி வானத்தைப் பார்த்தார்.

“ரோஸ்மேரி.”

“அக்கா, ஒரே ஒரு வாட்டி...”

“உஷா, திரும்பிப் போ. மூண்டு பேரும் புதுப்பேர் வையுங்கோ. இந்த ஊர்ப் பழமா இருக்கட்டும்.”

“எல்லாருக்கும் முன்னால மானத்த வாங்குறீங்களே!” என்றார் ரோஸ்மேரி, தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு.

“இதே வேலையை அவர் செய்திருந்தால் நீர் என்ன சொல்லியிருப்பீர்? எனக்கு உம்மளைப் பிடிக்கும். அதுக்காகப் புத்தகத்தில பொய் எழுத ஏலாது.”

இரண்டாம் தடவை திரும்பி வந்தபோது ரோஸ்மேரி “ஆப்பிள்” என்று முணுமுணுத்தார். சிவப்பிலிருந்த பிச்சர் மஞ்சளுக்கு வந்தாள். சிவப்பின் கோச் “கிவி” என்றார். உஷா தாயின் முகத்தைப் பார்க்காமல் அந்தப் பக்கம் நடந்து போனாள். பாரி இராசமலரையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அதற்குமேல் அவர் எதையும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நடந்த முதல் ஆட்டமே சிவப்புக்கும் மஞ்சளுக்கும். இராசமலர் மடக்கு நாற்காலியில் புத்தகத்தோடு இருந்தார். மகள் எறிந்தவற்றையெல்லாம், வந்த உயரத்தோடு, அதே பென்சிலால், மற்றவர்களுக்குப் போடுகிற அதே அளவு எழுத்தில் குறித்தார். நாலாம் சுற்று தாண்டியது. ஐந்தும் தாண்டியது. மொரீனின் அடுப்படியில் வரிசை நின்றது. கார்களை நோக்கி யாரும் நடக்கவில்லை. மஞ்சளில் ஒருத்தியும் புல்லில் உட்காரவில்லை. ஒரு பந்தைத் தவறவிட்டவள் காலால் நிலத்தை உதைத்தாள். இராசமலர் அந்த உதையைப் பார்த்துக்கொண்டே பென்சிலைத் தீட்டினார்.

ஏழாம் சுற்றில் ஆறுக்கு ஆறு. டெபி மட்டையோடு வந்து நின்றாள். உஷா கையைச் சுழற்றினாள். டெபி அடித்த அடி வேலிவரை போனது. மூன்றாம் மூலையில் நின்ற பிள்ளை ஓடி வந்து சேர்ந்தாள். இரண்டு வருடத்தில் மஞ்சளின் முதல் வெற்றி. ரோஸ்மேரி ஒரு வாரக் கோபத்தை மறந்து ஓடிவந்து இராசமலரைக் கட்டிப்பிடித்தார்; பென்சில் புல்லில் விழுந்தது.

அவர் போன பிறகு உஷா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“ஹாப்பி நௌ?” என்றாள்.

“கோபமோ?”

“ஓஃப் கோர்ஸ் ஐ’ம் ஆங்ரி!”

“நல்லது. போன வருஷம் இருபத்துமூண்டில தோத்தும் சிரிச்சுக்கொண்டு வந்தனி. இண்டைக்கு ஒண்டில தோத்திட்டு அழுறாய். இப்பதான் நீ விளையாடுறாய்.” இராசமலர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். “இஞ்ச பார். டெபி அடிச்ச மூண்டும் நெஞ்சுக்கு மேல வந்த பந்து. முழங்காலுக்குப் போட்ட ரெண்டையும் அவள் தொடேல்லை.”

உஷா மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். பிறகு சந்தேகத்தோடு நிமிர்ந்தாள். இதைச் சொல்லலாமா, நீங்கள் ஸ்கோரர் அல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“புத்தகம் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்குது. டெபி வந்து கேட்டால் உன்ர பந்தைப் பற்றி அவளுக்கும் சொல்லுவன்.”

பின்னால் ஒரு நிழல் விழுந்தது. பாரி. முழங்காலை வளைத்துக் குனிந்து, அந்தப் பக்கத்தைத் தானும் பார்க்கலாமா என்று கேட்டார்.

இராசமலர் தலையை நிமிர்த்தவில்லை. “வரிசையில் நில்லுங்கள், பாரி. இப்போது இவள் பார்க்கிறாள்.”

அவர் நின்றார்.